செக் என்ஜின் விளக்கும் ப்ளூடூத் ஸ்கேனரும்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றும் கையில் இருக்கும் போனில் அதற்கான ஆப் ஒன்றும் போதும், காரின் பிழைக் குறியீட்டை வீட்டு வாசலிலேயே படித்துவிடலாம். ஆனால் படித்தவுடன் பலரும் செய்வது, குறியீட்டில் எந்த சென்சாரின் பெயர் வருகிறதோ அதை வாங்கி மாட்டுவது. பணம் போகும், விளக்கு திரும்ப எரியும். எந்த சர்க்யூட்டில் அளவு தப்பியது என்பதை மட்டும்தான் ஸ்கேனர் சொல்லும். அது சென்சாரா, வயரா, கனெக்டரா, எர்த்தா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் என்று கடலை ஒட்டியே வாழும் நமக்கு, பெரும்பாலும் முதலில் கெடுவது கனெக்டரும் எர்த்தும்தான். அதனால் இந்த வழிமுறை முழுக்க அந்த வரிசையில்தான் போகும்.

இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார் என்றால் ஓபிடி-2, அதாவது கார் தன் கோளாறைத் தானே பதிந்து பொதுவான மொழியில் சொல்லும் வசதி, இருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 கார் என்றால் கவலையே இல்லை. 2013-க்கு முந்தைய சில கார்களில் அதே 16 பின் சாக்கெட் இருந்தாலும் உள்ளே கம்பெனியின் சொந்த மொழிதான் ஓடும். சாதாரண ஸ்கேனர் அதோடு பேசாது. சாக்கெட் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவர் முழங்காலுக்கு மேலே இருக்கும். குனிந்து டார்ச் அடித்தால் தெரியும்.

சொருகியும் ஸ்கேனரில் விளக்கே எரியவில்லை

ஸ்கேனருக்குத் தனி பேட்டரி கிடையாது. சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் வரும் 12 வோல்ட்தான் அதற்கு உயிர். 4, 5 ஆகிய பின்கள் எர்த். சாக்கெட்டின் அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பார்த்தால், மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசையில் 9 முதல் 16. ஆக 16 என்பது கீழ் வரிசையில் வலது ஓரம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து சிவப்பு முனையை 16-இலும் கறுப்பு முனையை 4-இலும் வையுங்கள். முனை பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடக் கூடாது, அதில் கவனம்.

வோல்ட் வரவில்லை என்றால் ஃப்யூஸைப் பாருங்கள். நிறைய கார்களில் இந்த சாக்கெட்டுக்கும் போன் சார்ஜ் போடும் 12 வோல்ட் சாக்கெட்டுக்கும் ஒரே ஃப்யூஸ்தான். ஆகவே முதலில் அந்தச் சார்ஜர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதுவும் செத்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. அதே ஆம்பியர் அளவுள்ள ஃப்யூஸையே போடுங்கள். 15 இருந்த இடத்தில் 20 போடாதீர்கள்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தும் வோல்ட் இல்லையென்றால், அல்லது வோல்ட் ஆடி ஆடி வந்தால், பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை நிறத்தில் பூத்திருந்தால் அது உப்புக் காற்றின் வேலை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் செம்பை அரிக்கும். எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, ஸ்கேனரை மூன்று நான்கு தடவை சொருகி எடுங்கள். உப்புத்தாளை உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்குள் மறுபடி பூத்துவிடும்.

வெள்ளத்தில் நின்ற கார் என்றால் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் புகுந்தது. அந்தத் தண்ணீர் காரின் தரைமட்டம் வரை ஏறியிருந்தால், கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர்க் கட்டுக்குள் ஈரம் மாதக்கணக்கில் தங்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை மறக்காமல் பார்க்க வேண்டும்: டிரைவர் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் கனெக்டர்களில் சேறு படிந்த கோடு இருக்கிறதா என்று.

ஸ்கேனர் எரிகிறது, போனுக்குத் தெரியவில்லை

ஐபோன் வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். மலிவு ஸ்கேனர்கள் பழைய வகை ப்ளூடூத்தில் வேலை செய்பவை; ஐபோன் அவற்றோடு சேராது. ஐபோனுக்கு ப்ளூடூத் எல்இ வகை, இல்லையென்றால் வைஃபை வகை வேண்டும். வாங்கும்போதே பெட்டியில் ஐஓஎஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் பழைய வகை ஸ்கேனர் என்றால் முதலில் போனின் ப்ளூடூத் செட்டிங்கில் ஜோடி சேர்த்துவிட்டு அப்புறம் ஆப்புக்குள் போக வேண்டும். கடவு எண் கேட்டால் 1234, அது போகாவிட்டால் 0000. ஆண்ட்ராய்டு 12 முதல் ஆப்புக்கு “அருகிலுள்ள சாதனங்கள்” அனுமதி தேவை. பழைய பதிப்புகளில் லொகேஷன் அனுமதி. முதல் தடவை அவசரத்தில் வேண்டாம் என்று தட்டியிருந்தால் ஆப் வாயைத் திறக்காது. செட்டிங்கில் போய்த் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொரு காரணம் நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை. ஸ்கேனர் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். வீட்டில் இன்னொருவர் போன் ஏற்கெனவே சேர்ந்திருந்தாலோ, காரில் மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தாலோ உங்கள் போனுக்கு இடமில்லை.

வைஃபை வகையில் வேறொரு தொல்லை. அந்த வைஃபையில் இன்டர்நெட் கிடையாது என்று தெரிந்ததும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்துவிட்டு முயலுங்கள். ஆப்பில் ஐபி முகவரி 192.168.0.10, போர்ட் 35000 என்று இருக்க வேண்டும். பெரும்பாலான வைஃபை ஸ்கேனர்களுக்கு இதுதான்.

போன் சேர்ந்தது, காரோடு சேரவில்லை

“அன்ஏபிள் டு கனெக்ட்” என்றோ “நோ டேட்டா” என்றோ வந்தால் முதலில் சாவி. ஏசிசி நிலை போதாது, ஆன் வரை திருப்ப வேண்டும். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அடங்குகிற நிலை அது. பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் பிரேக்கை மிதிக்காமல் பெரும்பாலும் இரண்டு தடவை அழுத்த வேண்டும்.

சாவி சரி, அப்படியும் வரவில்லையா? அதே ஸ்கேனரை, அதே போனோடு, பக்கத்து வீட்டுக் காரில் போட்டுப் பாருங்கள். இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை. அங்கே வேலை செய்தால் கோளாறு உங்கள் காரில். அங்கேயும் செய்யாவிட்டால் ஸ்கேனரில். சந்தையில் விற்கும் மலிவு ஸ்கேனர்கள் அனேகமாக இஎல்எம்327 என்ற சிப்பின் நகல்கள். அசலைச் செய்தது எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நிறுவனம். நகல்களில் 2.1 என்று பதிப்பு எண் காட்டுபவை பல கட்டளைகளைப் புரிந்துகொள்ளாமல் திணறுவது அடிக்கடி நடக்கிறது. பெரிய பதிப்பு எண் என்றால் நல்ல சரக்கு என்று நினைத்து வாங்காதீர்கள்.

காரில்தான் கோளாறு என்று தெரிந்தால், 6, 14 ஆகிய பின்களில்தான் இன்றைய கார்களின் கேன் இணைப்பு, அதாவது காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வயர் ஜோடி, வருகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு இந்த இரண்டுக்கும் நடுவே ஓம் அளந்தால் பல கார்களில் 60 ஓம் பக்கம் காட்டும். இரு முனையிலும் 120 ஓம் வீதம் இருப்பதால் வரும் கணக்கு அது. 120 காட்டினால் ஒரு பக்கம் எங்கோ வயர் அறுந்திருக்க வாய்ப்பு. அனேகமாக எலி. சாக்கெட்டுக்கும் உள்இணைப்புக்கும் நடுவே கேட்வே என்ற கம்ப்யூட்டர் வைத்த புதிய கார்களில் இந்தக் கணக்கு ஒத்துவராது. இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்விடுவது உத்தமம்.

பாதியில் துண்டித்துக்கொள்கிறது

ஒரே நேரத்தில் இருபது மீட்டர்களைத் திரையில் போட்டால் மலிவு ஸ்கேனர் மூச்சு வாங்கும். நான்கைந்து போதும். போனில் பேட்டரி சேமிப்பு முறையிலிருந்து அந்த ஆப்பை விலக்கி வையுங்கள். வெயிலில் மணிக்கணக்கில் நின்ற காரில் உடனே போடாமல் கதவைத் திறந்து கொஞ்சம் ஆறவிடுங்கள். சாக்கெட் லூசாக இருந்தால், ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதெல்லாம் அறுபடும்.

விளக்கு எரிகிறது, குறியீடு ஒன்றுமில்லை என்கிறது

எரிவது எந்த விளக்கு என்று முதலில் பாருங்கள். ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தனித்தனி கம்ப்யூட்டர்கள். சாதாரண ஸ்கேனர் என்ஜின் கம்ப்யூட்டரோடு மட்டுமே பேசும். ஏர்பேக் விளக்குக்கு இங்கே விடை கிடைக்காது. சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைத் தேடவே கூடாது, வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள்.

எரிவது செக் என்ஜின் விளக்குதான், ஆனால் விட்டு விட்டு எரிகிறது என்றால், ஆப்பில் “பெண்டிங்” பகுதியைப் பாருங்கள். ஒரு தடவை மட்டும் தென்பட்ட கோளாறு அங்கே காத்திருக்கும். உறுதியான பிறகுதான் முக்கியப் பட்டியலுக்கு வரும்.

ஓடும்போது செக் என்ஜின் விளக்கு கண் சிமிட்டினால் என்ஜின் கடுமையாக மிஸ் ஆகிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பொசுக்கும். அந்த நிலையில் புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

ஒரே சமயத்தில் ஏழெட்டுக் குறியீடுகள்

இதைப் பார்த்ததும் எல்லோரும் பதறிவிடுகிறார்கள். உண்மையில் நல்ல செய்தியாகத்தான் இருக்கும். ஏழெட்டு சென்சார்கள் ஒரே நாளில் சாகாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது மின்சாரமும் எர்த்தும். பட்டியலில் பி0562 (P0562) இருந்தால், அதாவது வோல்ட் குறைவு என்றால், அல்லது கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சு அறுபட்டதைச் சொல்லும் யு (U) என்று தொடங்கும் குறியீடுகள் வரிசையாக இருந்தால், மற்றதை எல்லாம் விட்டுவிட்டு பேட்டரிக்குப் போங்கள்.

இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் 12.4 முதல் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது சாதாரணமாக 13.5-க்கு மேல், 14.7-க்குள். ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஸ்கேனரும் வோல்ட் காட்டும், ஆனால் நகல் ஸ்கேனர்களில் சில புள்ளிகள் தப்பும். மல்டிமீட்டரை நம்புங்கள்.

பேட்டரி நல்ல பேட்டரிதான் என்றால் எர்த். இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒரு வயர், பாடியிலிருந்து என்ஜினுக்கு ஒரு பட்டை. அந்தப் பட்டை போல்ட்டில் சேரும் இடம் வெளியே இறுக்கமாகத்தான் தெரியும். கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் செம்புப் பக்கம் பச்சைப் பொடியும் இரும்புப் பக்கம் துருவும் அப்பியிருக்கும். பெயின்ட் உரிந்து மேலெழும்பி, போல்ட்டின் மரையில்தான் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் அந்தக் கொஞ்ச இடத்தில்தான் போய் வந்திருக்கிறது.

கழற்றாமலேயே இதை அளக்கலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை என்ஜினின் துரு இல்லாத உலோகப் பரப்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டர் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5-ஐத் தாண்டினால் கழற்றி சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

சுத்தம் செய்வதற்கு முன்பு எல்லாக் குறியீடுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் பல கார்களில் குறியீடுகள் அழிந்துவிடும். நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். போல்ட்டின் இரு பக்கமும் வயர் பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் ஒரு பூச்சு. உப்புக் காற்றுக்கு அந்தப் பூச்சு பெரிய தடுப்பு. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, புரட்டாசியிலேயே, இதை ஒரு தடவை செய்துவிடுவது கடலோரத்தில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் நல்லது.

ஒரே ஒரு குறியீடு: பாகத்தை மாற்றலாமா?

குறியீட்டின் முதல் எழுத்து பி (P) என்றால் என்ஜினும் கியரும். இரண்டாவது 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது, 1 என்றால் அந்தக் கம்பெனிக்கே உரியது. பி1 என்று வந்தால் இணையத்தில் வேறு கம்பெனி காரின் விளக்கத்தைப் படித்துக் குழம்பாதீர்கள்.

பி0113 வந்தால் உள்ளே வரும் காற்றின் வெப்ப சென்சார் சர்க்யூட்டில் சிக்னல் அதிகம். ஆப்பில் அந்த நேர அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவில் அந்த வெப்பநிலையைப் பாருங்கள். கடலூர் அக்னி நட்சத்திர வெயிலில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் சென்சார் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சர்க்யூட் திறந்துகிடக்கிறது என்பதே அதற்கு அர்த்தம். ஏர் ஃபில்டர் மாற்றியவர் கனெக்டரைத் திருப்பிச் சொருகாமல் விட்டிருக்கலாம், அல்லது பின் அரித்துப் போயிருக்கலாம். கனெக்டரைக் கழற்றும்போது பூட்டு நாக்கை அழுத்தி எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கிளீனர் அடித்துச் சொருகியதும் அந்த மைனஸ் 40 ஒரே தாவலில் 35, 40 என்று வந்தால் வேலை முடிந்தது.

பி0301 முதல் பி0304 வரை, எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்பதைக் கடைசி எண் சொல்லும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் (பிளக்குக்குப் பொறி தரும் பாகம்) உள்ள பெட்ரோல் கார் என்றால் செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, 1-ஆம் காயிலை 2-இல் மாட்டி, 2-ஐ 1-இல் மாட்டுங்கள். குறியீட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள். பி0301 போய் பி0302 வந்தால் காயில்தான் கெட்டது. நகராமல் பி0301-ஏ நின்றால் அடுத்து பிளக், அப்புறம் இன்ஜெக்டர்.

பி0171 வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. விலை குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் புதுச்சேரி எல்லைக்குப் போய் டேங்க் நிரப்புவது வழக்கம். இந்தக் குறியீடு வந்ததும் பழி அந்த பெட்ரோல் மேல் விழும். அதற்கு முன்னால் ஃப்யூயல் ட்ரிம் அளவை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதை, பாருங்கள். நீண்டகால ட்ரிம் பிளஸ் அல்லது மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் இயல்பு. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது பிளஸ் 20 காட்டி, ஆக்ஸிலரேட்டரை 2,500 ஆர்பிஎம் வரை மிதித்ததும் சுழிக்குப் பக்கம் இறங்கினால், எங்கோ வேக்குவம் குழாயில் விரிசல். நம் வெயிலில் ரப்பர் வெடிப்பது சகஜம். மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிமும் ஏறினால் பெட்ரோல் போதிய அளவு வரவில்லை: பம்ப், ஃபில்டர், அல்லது காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு.

பி0420 வந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மாற்றச் சொல்வார்கள். விலை அதிகமான பாகம். சைலன்சர் வழியில் காற்றுக் கசிவு, பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சார், ஏற்கெனவே இருந்த மிஸ்ஃபயர், இவை மூன்றையும் தீர்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

டீசல் பிஎஸ்-6 காரில் பி2463 வந்தால் டிபிஎஃப் வடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டது. புதுச்சேரிக்குள்ளேயே லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதி வரை தினமும் போய் வரும் கார்களுக்கு இது வரும்; குறுகிய ஓட்டத்தில் கரியை எரிக்கிற அளவு சூடு ஏறுவதில்லை. ஓனர் மேனுவல் சொல்கிற வேகத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிறுத்தாமல் ஓட்டினால் பல சமயம் தானே சரியாகும். குறியீட்டை மட்டும் அழித்துவிட்டு அதே ஓட்டம் ஓட்டினால் கரி அப்படியே இருக்கும், கடைசியில் வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டு நகர மறுக்கும்.

அழித்தாலும் திரும்ப வருகிறது

அழிப்பதற்கு முன்னால் “ஃப்ரீஸ் ஃப்ரேம்” என்ற பக்கத்தைச் சேமித்தீர்களா? கோளாறு பதிவான நொடியில் வேகம், ஆர்பிஎம், என்ஜின் வெப்பம், லோட் எல்லாம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் அதில் எழுதி வைத்திருக்கும். என்ஜின் வெப்பம் 30 டிகிரி என்றால் காலையில் குளிர்ந்த நிலையில் வந்த கோளாறு. 95 டிகிரி, 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நெடுஞ்சாலையில் வந்தது. குறியீட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். மெக்கானிக்குக்கு இதைவிட உதவியான தகவல் வேறில்லை.

அழித்தவுடன் காரின் உள் சோதனைகளும் சுழியிலிருந்து தொடங்கும். ஆப்பில் “ரெடினெஸ்” பக்கத்தில் எல்லாம் முடிந்தது என்று வரும்வரை, அதற்குக் குளிர்ந்த ஸ்டார்ட்டும் நகர ஓட்டமும் நெடுஞ்சாலை ஓட்டமும் கலந்து தேவைப்படும், கோளாறு தீர்ந்தது என்று நம்ப வேண்டாம். பழைய கார் வாங்கும்போது விற்பவர் குறியீடு எதுவுமில்லை என்று காட்டினாலும் இந்தப் பக்கத்தைப் பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் நின்றால் அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

ஓடும்போது அளவுகளைப் பார்க்க வேண்டியிருந்தால் பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்துப் போனை அவரிடம் கொடுங்கள். வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றி டேஷ்போர்டு டிராயருக்குள் போட்டுவிடுங்கள்; 16-ஆம் பின்னில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், சொருகியே விட்டால் பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது பேட்டரி இறங்கியிருக்கும்.